ஸ்கோப் இருக்கா சார்?

மே, ஜூன் வந்தால் போதும். அந்தமானில் இருக்கும் நம்ம தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான் ஓடும். "பையனை எதில் சேர்க்கலாம்? அதுக்கு ஸ்கோப் இருக்கா?" கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் வரிசையில் கேட்பார்கள். வங்கியில் கல்விக்கடன் மனுக்களோடு உட்கார்ந்திருக்கும் என்னிடமும் கேட்பார்கள். ஸ்கோப் என்றால் என்னவென்று யாரும் விளக்கமாட்டார்கள், விளக்கவும் வேண்டியதில்லை. நாலு வருஷத்தில் படிப்பு முடியணும், முடிந்த கையோடு சம்பளம் வரணும், ஊருக்குப் போனால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்கணும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் பி.எஸ்ஸி. தாவரவியல், விலங்கியல், வேதியியல் எதற்குமே ஸ்கோப் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கே தப்பு என்பது என் கட்சி. அறிவியலில் நிஜமான ஆசை உள்ள பிள்ளையை இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வேறு படிப்புக்குத் திருப்பிவிடுவது, பிள்ளைக்கும் நல்லதில்லை, குடும்பத்துக்கும் நல்லதில்லை. வெறும் உபதேசமாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும் :-) அதனால் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன்.

(முன்கூட்டியே ஒரு டிஸ்கி: நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தெரியும். செல், புரதம் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். எனக்குப் புரிந்த மட்டில் எளிமையாகச் சொல்கிறேன்.)

அவர் பெயர் திருமலாதேவி கன்னெகண்டி. தெலுங்குக்காரர். ஊர் தெலங்கானாவில் உள்ள கொத்தகூடம். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழும் ஊர், நம்ம நெய்வேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுரங்க நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் பெண்கள் கல்லூரியில்தான் அவர் பட்டப்படிப்பு படித்தார். பாடம் வேதியியல், விலங்கியல், தாவரவியல். ஐ.ஐ.டி. இல்லை, எய்ம்ஸ் இல்லை. நம்மில் பலர் உதட்டைப் பிதுக்கும் அதே பி.எஸ்ஸி.தான்.

அதன் பிறகு ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. ஆராய்ச்சியின் ஆரம்பம் எதில் தெரியுமா? பயிரில் வரும் பூஞ்சைகளிலும், அந்தப் பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சிலும். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் படான்சேருவில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மற்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து அவர் செய்த வேலை 2000, 2001-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளிவந்தது. மிளகாய், மிளகு, கொத்தமல்லி, இஞ்சி, மஞ்சள் - அதாவது நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சமாசாரம் - இவற்றில் ஓக்ராடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. சரியாக உலராத மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் இந்த நஞ்சு வரலாம். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பிடிப்பது? இதற்கு அவர்கள் பயன்படுத்தியது நோய் எதிர்ப்புப் புரதம், ஆன்டிபாடி. ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவி போல, அந்த நஞ்சை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதம். ஆக, மிளகாய் வத்தலைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் கையில் இருந்த கருவி, நோய் எதிர்ப்பு இயலிலிருந்து வந்த கருவி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அமெரிக்கா. விஸ்கான்சினிலும் ஓஹாயோவிலும் ஆராய்ச்சி. ஓஹாயோவில் அவர் எடுத்துக்கொண்டது உருளைக்கிழங்குக்கு வரும் பின்கருகல் நோய்க் கிருமி. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, பெரும் பஞ்சத்தை உண்டாக்கி, லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றிய அதே கிருமி. நீலகிரியில் உருளைக்கிழங்கு போடும் விவசாயிக்கும் இந்தக் கருகல் நோய் தெரியும்.

இங்கேதான் செல்களின் சாவு என்ற விஷயம் கதைக்குள் வருகிறது. செடியால் ஓட முடியாது. அதற்கு ரத்தம் கிடையாது, ஓடிவந்து காப்பாற்றும் வெள்ளை அணுக்கள் கிடையாது. இலைக்குள் கிருமி நுழைந்தால் என்ன செய்யும்? நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்துவிடும். அங்கே பழுப்பாக ஒரு புள்ளி விழும், கிருமி அதற்கு மேல் பரவ முடியாமல் நிற்கும். குடிசை வரிசையில் தீப்பிடித்தால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுத் தீயை நிறுத்துவார்களே, அந்த மாதிரி. ஆனால் கிருமியும் லேசுப்பட்டதில்லை. சில கிருமிகள் இந்தச் சாவைத் தாங்களே தூண்டிவிட்டு, செத்த இலையில் குடித்தனம் நடத்தும். பின்கருகல் கிருமியின் இரண்டு புரதங்கள் தனித்தனியாகச் செய்வதைவிட ஒன்று சேர்ந்தால் செடியின் செல்களைப் பலமாகக் கொல்கின்றன என்று கன்னெகண்டியும் அவருடைய சகாக்களும் 2006-ல் எழுதினார்கள். ஒன்று சேர்ந்தால் கூடுதல் பலம் - இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செடியில் மட்டுமில்லை, நம் உடம்பிலும் தினமும் கோடிக்கணக்கான செல்கள் திட்டப்படி சாகின்றன. கருவில் நம் விரல்களுக்கு நடுவே ஜவ்வு மாதிரி இருக்கும் சதை மறைவதும், தவளைக்குஞ்சின் வால் காணாமல் போவதும் இப்படித்தான். 1972-ல் மூன்று விஞ்ஞானிகள் இந்த அமைதியான சாவுக்கு அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். இதில் ஆரவாரம் இல்லை. வேறு சில வகைச் சாவில் செல் வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, சுற்றுவட்டாரத்துக்கே அபாயச் சங்கு ஊதும். கிருமி வந்திருக்கும் நேரத்தில் அந்தச் சங்கு நல்லதுதான். அளவு மீறினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

ஓஹாயோவுக்குப் பிறகு அவர் செய்ததுதான் நம்ம ஊர்ப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் காரியம். அத்தனை வருஷம் செடியையும் பூஞ்சையையும் படித்துவிட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின், மனிதர்களின் நோய் எதிர்ப்புக்கு மாறினார். "இவ்வளவு படிச்சதும் வீணா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் செடியின் செல்லுக்குள் எதிரியை அடையாளம் காணும் காவல் புரதங்களும் நம் செல்லுக்குள் இருக்கும் ஒரு வகைக் காவல் புரதங்களும் அமைப்பில் ஒன்றுக்கொன்று ஒத்தவை. செடியைப் படித்து வந்தவருக்கு இந்தப் பக்கம் அந்நிய தேசம் இல்லை. அதே 2006-ல் 'நேச்சர்' இதழில் அவர் பெயர் முதலில் வரும் கட்டுரை வெளிவந்தது. நம் செல்லுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற காவல் புரதம், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வை உள்ளே கொண்டுபோனால் விழித்துக்கொண்டு அழற்சியைத் தொடங்கி வைக்கிறது என்பது அதன் சாரம்.

2007-ல் டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு வார்த்தை. 1962-ல் தொடங்கியவர் டேனி தாமஸ் என்ற நடிகர். லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன பெற்றோரின் பிள்ளை. புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பத்துக்குச் சிகிச்சைக்கான பில் அனுப்பாத மருத்துவமனை அது. அந்த நடிகரின் மனைவி ரோஸ் மேரி தாமஸ் பெயரில் இருக்கும் பேராசிரியர் இருக்கையில்தான் பிற்பாடு கன்னெகண்டி அமர்ந்தார். பிழைக்கப்போனவன் பிள்ளை கட்டிய இடத்தில், நிலக்கரி ஊரிலிருந்து போன பெண். நம்ம மாதிரி ஊர் விட்டு வந்தவர்கள் ரசிக்கவேண்டிய இடம் இது.

அங்கே அவர் குழு செய்த வேலையில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 2016-ல், இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் செல்லுக்குள் வந்ததை ஸெட்.பி.பி.1 என்ற புரதம் உணர்ந்து, செல்லைச் சாகவைக்கும் பாதைகளைத் திறந்துவிடுகிறது என்று காட்டினார்கள். செல்லின் சாவில் பைரோப்டோசிஸ், அபோப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ் என்று தனித்தனிப் பாதைகள் உண்டென்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் தனித்தனி அறைகள் இல்லை, உள்ளுக்குள் கதவு உண்டு, சில சமயம் மூன்றும் ஒன்றாகக் கிளம்பும் என்றது இவர் குழு. மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து 2019-ல் பேனோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். எல்லா விஞ்ஞானிகளும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றில்லை. விவாதம் நடக்கிறது. அறிவியலில் விவாதம் நடந்தால் அது மரியாதைதான்.

இரண்டாவது, கொரோனா. 2020-ல் வைரஸைவிட உடம்பின் எதிர்ப்புப் புயல் சிலரைக் கொல்கிறது என்று நாம் எல்லோரும் செய்தியில் கேட்டோம். அந்தப் புயலில் பல வகைச் சமிக்ஞைப் புரதங்கள் உண்டு. எது குற்றவாளி? இவர் குழு ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் சோதித்துப் பார்த்தது. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்ஃபெரான் காமா இரண்டும் சேர்ந்தபோதுதான் செல்கள் பெருமளவில் செத்தன. இரண்டையும் தடுக்கும் ஆன்டிபாடிகளைக் கொடுத்தபோது சோதனை எலிகள் சாவிலிருந்து தப்பின. எலியில் நடந்தது, மனிதனுக்கு மருந்தாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2020 நவம்பரிலேயே இது 'செல்' இதழில் வந்துவிட்டது. உலகம் வீட்டுக்குள் முடங்கிக்கிடந்த அதே வருஷத்தில்.

இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டையும் எடுங்கள். மிளகாய் வத்தலில் நஞ்சைத் தேடிய ஆன்டிபாடி. உருளைக்கிழங்குக் கிருமியின் இரண்டு புரதங்கள் சேர்ந்தால் கூடுதல் சாவு. இருபது வருஷம் கழித்து கொரோனாவில் அவர் கேட்ட கேள்வியிலும் இரண்டு புரதங்கள் சேர்வதுதான் விஷயம், தடுக்கப் பயன்படுத்தியதும் ஆன்டிபாடிதான். பாடத்தின் பெயர் மாறியது. தாவர நோயியல், பூஞ்சை மரபியல், மனித நோய் எதிர்ப்பு இயல். கேள்வி மாறவே இல்லை: ஓர் உயிர் எதிரியை எப்படி அடையாளம் காண்கிறது, கண்டபின் தன் செல்லையே ஏன் கொல்கிறது? நாம் பிள்ளைகளிடம் எந்தப் பாடம் என்று கேட்கிறோம். எந்தக் கேள்வி உனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்பதில்லை.

இனி என் மேஜைக்கு வருகிறேன். போன வருஷம் ஜங்லிகாட் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், இங்கே சின்ன அளவில் கட்டட கான்ட்ராக்ட்.

"சார், பொண்ணு பாட்டனிதான் படிப்பேன்னு அடம் பிடிக்குது. நான் சென்னையில இன்ஜினியரிங் பாத்து வெச்சிருக்கேன். பத்து லட்சம் லோன் கிடைக்குமா?"

"கிடைக்கும்ணே. பாப்பாவுக்கு இன்ஜினியரிங் பிடிக்குமா?"

"அதுக்கு என்ன சார் தெரியும்? ஸ்கோப் இருக்கணும்ல?"

லோன் கொடுப்பது என் வேலை, வேண்டாம் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் போடுகிறேன். பத்து லட்சம், உதாரணத்துக்குப் பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை. மாதம் சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. படிப்பில் ஆசையும் இருந்து, கல்லூரியும் நல்லதாக இருந்தால் இந்தக் கடன் தாராளமாகத் தகும். ஆசையே இல்லாத பிள்ளையின் தலையில் இதைக் கட்டினால் என்ன ஆகும்? 22 வயதில் கிடைக்கிற முதல் வேலையைப் பிடித்துத் தொங்கவேண்டும். பிடிக்காத வேலையை விடமுடியாது. மேலே படிக்கமுடியாது. கடன் பிள்ளையின் பத்து வருஷத்துக்கு முதலாளி ஆகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். இங்கேயே 1967-லிருந்து ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா இருக்கிறது. அரசுக் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்ப் பி.எஸ்ஸி. படிக்கலாம், செலவு சொற்பம். கடன் இல்லாமல் பட்டம் வாங்கிய பிள்ளை எம்.எஸ்ஸி.க்குப் போகலாம், தேர்வு எழுதலாம், ரெண்டு வருஷம் காத்திருக்கலாம், பாடத்தை மாற்றலாம். கன்னெகண்டி மாதிரி பாதை மாறுகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் ரொம்ப முக்கியம். மாதத் தவணை காத்திருந்தால் அந்தத் துணிச்சல் சுலபமாக வராது.

"ஒருத்தர் அப்படி வந்துட்டார், எல்லாரும் வந்துடுவாங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரமாட்டார்கள். பி.எஸ்ஸி. சேரும் ஆயிரம் பேரில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கொஞ்சம், அதில் ஆய்வகத்துக்கே தலைமை ஏற்கிறவர்கள் இன்னும் கொஞ்சம். ஆனால் இன்ஜினியரிங்கிற்கு மட்டும் சுந்தர் பிச்சையை உதாரணம் காட்டும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே! உச்சியில் இருப்பவரைக் காட்டி ஒரு படிப்பை விற்கலாம் என்றால் இரண்டு படிப்புக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

அடுத்தது சோறு. ஆராய்ச்சிக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி? சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ராஜபோகம் இல்லை, பட்டினியும் இல்லை. தேர்வு கடினம். பணம் சில சமயம் தாமதமாக வரும். பிஎச்.டி. முடித்தாலும் ஒப்பந்த வேலையாகச் சில வருஷம் ஓடும். நிரந்தர வேலை முப்பது வயதுக்கு மேல்தான் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளை என்றால் "கல்யாணம் எப்போ?" என்று ஊரிலிருந்து வரும் போன்கால்களையும் சேர்த்துத் தாங்கவேண்டும். இதையெல்லாம் மறைத்து ஆசை காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் போன்கால்களைத் தடுக்கவேண்டியது பிள்ளை இல்லை, நாம்தான்.

"அதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், இந்தத் தீவில் என்ன நடக்கும்?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1988-லிருந்து வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர்ப் பக்கம் மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. கடுமையான உடம்பு வலி, இருமினால் ரத்தம், சிலர் சீக்கிரமே இறந்துபோனார்கள். காரணம் தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வைத்தார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ், நம்ம எலிக்காய்ச்சல்தான், என்று 1990-களில் ஆராய்ந்து கண்டுபிடித்தது இங்கே போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாய்க்கு இன்னும் பழகவில்லை) இருக்கும் ஐ.சி.எம்.ஆர். வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம். எஸ்.சி. சேகல் தலைமையில் நடந்த வேலை. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களைத் தாக்கும் கிருமி. வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் நோய் குறையுமா என்று அதே வட்டாரத்தில் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமி தொற்றுவதை அது தடுக்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்படுவதைக் குறைத்தது.

அந்த மையம் 1983-லிருந்து டாலிகஞ்சில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளையை அந்த வாசல் வரைக்கும் கூட்டிப்போய், உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்திருப்போம்? மருத்துவ, பொறியியல் கோச்சிங் சென்டருக்குச் சென்னை வரை விமானத்தில் கூட்டிப்போகிறோம். டாலிகஞ்சுக்கு ஆட்டோ பிடிக்க யோசிக்கிறோம்.

ஆக, நான் கேட்பது இவ்வளவுதான். எல்லாப் பிள்ளையையும் பி.எஸ்ஸி.யில் தள்ளச் சொல்லவில்லை. இன்ஜினியரிங்கில் ஆசை உள்ள பிள்ளை அதையே படிக்கட்டும், லோனுக்கு என்னிடமே வரட்டும். ஆனால் இலையில் விழுந்த புள்ளியைப் பார்த்து "ஏம்ப்பா இது இப்படி ஆச்சு?" என்று கேட்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஸ்கோப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று விஷயம் விசாரியுங்கள். அந்தக் கல்லூரியில் ஆய்வகம் நிஜமாகவே இயங்குகிறதா? கேள்வி கேட்டால் எரிந்து விழாத ஆசிரியர் ஒருவராவது உண்டா? முதல் ஐந்து வருஷத்தைக் கடனில்லாமல் ஓட்ட வீட்டில் வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் துணிந்து சேர்த்துவிடுங்கள்.

கான்ட்ராக்டர் அண்ணன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். லோன் மனு இன்னும் வரவில்லை. பாப்பா என்ன படிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படிப் போகிறது? பின்னூட்டத்தில் எழுதுங்கள். திட்டுவதென்றாலும் தமிழில் திட்டுங்கள் :-)